வெந்த கைக்கு டச் மவுஸ் எதுக்கு?

(நீண்ட இழை. டீயை வச்சுக்கிட்டுப் பொறுமையா படிங்க.)

1/
"டாக்டருக்கு வேற வேலையே இல்லையா, மவுஸைப் பத்தி எல்லாம் இழை எழுதுறாரு" என்று சிலர் இன்பாக்ஸில் வருவீர்கள். தெரியும். ஆனாலும் எழுதுகிறேன்.

சொல்ல வருவது ஒரே விசயம்தான். பட்டன் தெரியாத, சக்கரம் இல்லாத, ஒயரும் இல்லாத, மேலே தடவினால் திரை நகரும் அந்த வழவழ மவுஸ் இருக்கிறதே, அதை நம்ம விருதுநகர் மாவட்டத்து அச்சகம், இ-சேவை மையம், கம்ப்யூட்டர் பயிற்சி மையம், ஆஸ்பத்திரிக் கவுண்டர் என்று எல்லா மேஜைக்கும் "எல்லாருக்கும் ஒண்ணு" கணக்கில் வாங்கிப் போடாதீர்கள்.

விலைக்காகச் சொல்லவில்லை. கைக்காகச் சொல்கிறேன்.

2/
ஏன் நம்ம ஊருக்கு மட்டும் தனியா ஒரு பேச்சு?

சிவகாசி என்றால் வெளியூர்க்காரருக்குப் பட்டாசு. உள்ளூர்க்காரருக்குத் தெரியும், தொழில் மூன்று: தீப்பெட்டி, பட்டாசு, அச்சு. தீப்பெட்டிக்கும் வெடிக்கும் லேபிள் அடிக்க வளர்ந்த அச்சுத் தொழில் பிறகு காலண்டர், டைரி, நோட்டு என்று நாடு முழுக்கப் போனது. ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவது இங்கே வழக்கம். அதிலிருந்து டிசைன் பண்ணும் பிள்ளைகளுக்கு ராத்திரி பகல் கிடையாது.

அந்தப் பிள்ளைகள் நாள் முழுக்கக் கையில் பிடித்திருப்பது எது? மவுஸ். மருந்து அறையில் கை போன ஒருத்தர் ஊரை விட்டுப் போகாமல் பிழைக்க இருக்கும் சில வழிகளில் ஒன்று, இந்தக் கம்ப்யூட்டர் நாற்காலி.

3/
2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. ஏறக்குறைய 40 உயிர். 2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கம் அச்சங்குளம். 20-க்கும் மேற்பட்ட உயிர். இவை பெரிய செய்தியானவை. சின்னதாக ஒரு அறை மட்டும் எரிந்து, இரண்டு பேர் கையைச் சுட்டுக்கொண்டு வருவது உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரியோடு முடிந்துவிடும்.

செத்தவர் எத்தனை பேர் என்று பேப்பரில் வரும். காயம் எத்தனை பேர் என்றும் வரும். அந்தக் காயம்பட்டவர் ஆறு மாதம் கழித்து ஒரு பேனாவைப் பிடிக்க முடிகிறதா, சட்டைப் பித்தானைப் போட முடிகிறதா என்று எந்தப் பேப்பரிலும் வராது. அது எங்கள் ஓபி சீட்டில் மட்டும்தான் வரும்.

4/
பட்டாசு விபத்தில் கை ஏன் அவ்வளவு அடி வாங்குகிறது?

முதல் காரணம், வேலையே கையில்தான். கலப்பது, அள்ளுவது, குழாயில் மருந்து செலுத்துவது, திரி வைப்பது, எல்லாம் கை.

இரண்டாவது, தீ பளிச்சென்று எழும்பும்போது மனுசன் யோசிக்காமல் செய்வது முகத்தைக் கையால் மூடுவது. முகத்துக்குப் போக வேண்டிய தீயைப் புறங்கை வாங்கிக்கொள்ளும். புறங்கைத் தோல் மெல்லிசு. அதற்குக் கீழே உடனே நரம்பும் தசைநாணும் மூட்டும். உள்ளங்கைத் தோல் மாதிரி தடிப்பு அங்கே இல்லை.

5/
புண் ஆறினதும் கை பழையபடி ஆகிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆறுவது ஒன்று, வேலைக்கு ஆவது வேறொன்று.

ஆழமான தீக்காயம் ஆறும்போது தழும்பு தடிக்கும், சுருங்கும், இழுக்கும். விரல் மடங்கினபடி நின்றுவிடலாம். விரலிடுக்கில் சவ்வு மாதிரி தோல் வளர்ந்து இரண்டு விரல் ஒட்டினாற்போல ஆகலாம். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உள்ள இடைவெளி சுருங்கினால் ஒரு டம்ளரைக்கூட வளைத்துப் பிடிக்க முடியாது.

இதைத் தடுக்கத்தான் ஸ்பிளிண்ட், பிசியோதெரபி, இறுக்கமான அழுத்தக் கையுறை. அந்தக் கையுறையைக் குளிக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம், பல மாதம் போட்டிருக்கச் சொல்வோம். தழும்பு அடங்க ஒரு வருசமோ அதற்கு மேலோ ஆகும்.

தோல் ஒட்டு வைத்த இடத்தில் வியர்வை சுரப்பது பெரும்பாலும் திரும்பாது. தொடு உணர்வும் முழுசாகத் திரும்பாது. வறண்டு, வெடித்து, மரத்துப் போனாற்போல இருக்கும். இதை மனசில் வையுங்கள். மவுஸுக்கு வருகிறேன்.

6/
மவுஸின் கதை சுருக்கமாக.

1964-இல் அமெரிக்காவில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவரும் அவரோடு வேலை செய்த பில் இங்கிலீஷும் செய்த முதல் மவுஸ் ஒரு மரப்பெட்டி. கீழே இரண்டு சக்கரம், மேலே ஒரு பட்டன். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் அதை உலகத்துக்குக் காட்டினார்கள். பிறகு பட்டன்கள் கூடின. 1996-இல் மைக்ரோசாப்ட் மவுஸ் வந்தபிறகு நடுவில் உருட்டும் சக்கரம் ஊரெல்லாம் பரவியது.

2009-இல் ஆப்பிள் கம்பெனி மேஜிக் மவுஸைக் கொண்டுவந்தது. மேலே பட்டன் தெரியாது, சக்கரம் கிடையாது, ஒரே வழவழப்பு. விரலால் தடவினால் பக்கம் நகரும். 2011-இல் மைக்ரோசாப்டும் ஒரு டச் மவுஸ் விட்டது. இப்போது அதே சாயலில் மலிவு விலையிலும் பல வருகிறது.

7/
சாதா மவுஸுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு வரியில் சொல்கிறேன்.

சாதா மவுஸ் கேட்பது: "அழுத்துனியா?"
டச் மவுஸ் கேட்பது: "நீ யாரு?"

சாதா மவுஸின் பட்டனுக்குக் கீழே ஒரு குட்டி சுவிட்ச் இருக்கிறது. விரலால் அழுத்தினாலும் கிளிக். மடங்கின முட்டியால் அழுத்தினாலும் கிளிக். விரல் போன மொட்டைக் கையால் அழுத்தினாலும், பென்சில் முனையால் குத்தினாலும் கிளிக். கை வெந்ததா வேகாததா என்று அது விசாரிக்காது.

8/
டச் அப்படி இல்லை. அந்த வழவழப்புக்குக் கீழே மின்முனைகள் வலை மாதிரி பரப்பி வைத்திருக்கும். அதில் ஒரு சின்ன மின்புலம். நம் உடம்பு உப்புத் தண்ணீர், மின்சாரத்தைக் கடத்தும். விரல் பக்கத்தில் வந்தால் அந்த மின்புலம் கொஞ்சம் மாறும். எங்கே மாறியது, எவ்வளவு அகலத்தில் மாறியது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று உள்ளே உள்ள சிப் கணக்குப் போடும்.

நம்ம ஊரில் இதை விளக்குவது சுலபம். மருந்து அறைக்குள் போகும்முன் உலோகத் தகட்டைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டுப் போக வேண்டும் என்பது வெடிமருந்துத் தொழிலின் பால பாடம். உடம்பு மின்சாரத்தைத் தாங்கும், கடத்தும் என்பதால்தான் அந்த விதி. அதே உடம்பின் குணத்தை நம்பித்தான் டச் மவுஸும் ஓடுகிறது.

அந்தக் கணக்கில் "விரல்" என்றால் என்ன என்று ஒரு இலக்கணம் எழுதி வைத்திருக்கிறார்கள். இவ்வளவு அகலம், இப்படி ஒரு வட்டம், இரண்டுக்கும் நடுவில் இடைவெளி. அதை விடப் பெரிசாகத் தெரிந்தால் உள்ளங்கை என்று ஒதுக்கிவிடும். அந்த இலக்கணத்தை எழுதியவர் முன்னால் இருந்தது நல்ல கை.

9/
இப்போ நம்ம ஆளுகளோட கையை அதுமேல வைப்போம்.

அழுத்தக் கையுறை போட்ட கை: நடுவில் துணி. சில நேரம் எடுக்கும், சில நேரம் எடுக்காது. எப்போ எடுக்கும் என்று சொல்லவும் முடியாது.

தடித்து வறண்ட தழும்பு விரல்: சிக்னல் குறையும். ஒரு தடவைக்கு மூன்று தடவை தேய்க்க வேண்டியிருக்கும்.

ஒட்டின இரண்டு விரல்: சிப்புக்கு அது ஒரே பெரிய புள்ளி. ஒரு விரல் என்றும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளங்கை என்று தள்ளியும் விடலாம்.

மடங்கி நின்ற விரல்: நுனித் தசை படவே படாது. நகம்தான் படும். நகம் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது.

சிலிக்கான் செயற்கை விரல்: பார்க்க அச்சு அசல் விரல். மவுஸுக்கு அது வெறும் ரப்பர். கடத்தும் பொருள் வைத்துச் செய்யாத வரை அது அங்கே இல்லாத விரல்தான்.

உணர்வு குறைந்த விரல்: இதுதான் மோசம். லேசாகப் பட்டதே அவருக்குத் தெரியாது. ஆனால் மவுஸுக்குத் தெரிந்துவிடும். பக்கம் தானாக ஓடும். பட்டன் என்றால் "டிக்" என்று காதில் விழும், விரலுக்குக் கீழே ஒரு இறக்கம் தெரியும். டச்சில் அந்தப் பதில் கிடையாது.

10/
"சரி டாக்டர், தொட்டாப் போதும், அழுத்த வேண்டாம், அப்போ பலம் இல்லாத கைக்கு இது நல்லதுதானே?"

நல்ல கேள்வி. ஆனால் அங்கேதான் ஏமாற்று. மேஜிக் மவுஸில் தொடுவது பக்கத்தை நகர்த்தத்தான். கிளிக் வேண்டுமானால் மேல் ஓட்டையே கீழே அழுத்தியாக வேண்டும். மேல் ஓடு முழுக்க ஒரே பட்டன். அழுத்தும்போது விரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத் தொடு உணரி பார்த்துத்தான் இடது கிளிக்கா வலது கிளிக்கா என்று முடிவு செய்கிறது. வலது கிளிக் சரியாக விழ வேண்டுமானால் சுட்டுவிரலைத் தூக்கிக்கொள்ள வேண்டும்.

ஆக, தொடவும் தெரிய வேண்டும், அழுத்தவும் பலம் வேண்டும், ஒரு விரலை மட்டும் தனியாகத் தூக்கவும் முடிய வேண்டும். மூன்றும் வெந்த கைக்குக் கஷ்டமான காரியம். மூன்றையும் சேர்த்துக் கேட்டால்?

11/
இன்னொன்று, நல்ல கைக்காரர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

சாதா மவுஸில் விரலைப் பட்டன் மேல் போட்டுவிட்டு ஓய்வாக இருக்கலாம். டச் மவுஸில் விரலைப் போட்டால் அது ஒரு கட்டளை. அதனால் விரலை அந்தரத்தில் தூக்கிப் பிடித்தே பழகுகிறோம். விரலைத் தூக்கிப் பிடிக்கும் தசைகள் முன்கையின் மேல்பக்கம் இருக்கின்றன. எட்டு மணி நேரம் அவற்றுக்கு ஓய்வு கிடையாது.

அதோடு மேஜிக் மவுஸின் உயரம் 2.16 செ.மீ.தான். உள்ளங்கைக்கு முட்டுக் கொடுக்க எதுவும் இல்லை. கட்டைவிரலாலும் மோதிரவிரலாலும் இரண்டு ஓரத்தையும் கிள்ளினாற்போலப் பிடிக்க வேண்டும். கட்டைவிரல் இடுக்கு சுருங்கின கைக்கு அந்தக் கிள்ளல் எப்படி வரும்?

12/
ஒயர் இல்லை என்பதையும் ஒரு வசதி என்கிறார்கள். யாருக்கு வசதி?

பேட்டரி மாற்ற அந்தக் குட்டி மூடியை நகத்தால் நெம்பிப் பாருங்கள். பிறகு அதையே நகமில்லாத விரலால் நெம்புவதாக நினைத்துப் பாருங்கள். அடியில் எறும்பு அளவு ஒரு ஆன்-ஆஃப் சுவிட்ச். இணைப்பு விட்டுப்போனால் மறுபடி புளூடூத்தில் சேர்க்க வேண்டும். மவுஸ் இல்லாமல் மவுஸைச் சேர்க்கும் வித்தையை அவர் யாரிடம் போய்க் கேட்பார்?

2015-இல் வந்த மேஜிக் மவுஸில் சார்ஜ் போடும் துளையை வயிற்றுப் பக்கம் வைத்தார்கள். சார்ஜ் போட்டால் கவிழ்த்துப் போட வேண்டும், வேலை பார்க்க முடியாது. உலகமே சிரித்தது. 2024-இல் துளையின் வகையை மாற்றினார்கள். இடத்தை மாற்றவில்லை. உபயோகிக்கிறவன் சொல்வதைக் கேட்காத பிடிவாதத்துக்கு இதை விட உதாரணம் வேண்டாம்.

ஒயர் மவுஸில் இந்தப் பாடு எதுவும் இல்லை. சொருகினால் ஓடும். மேஜையிலிருந்து விழுந்தால் ஒயரைப் பிடித்து இழுத்துக்கொள்ளலாம். குனிந்து பொறுக்க வேண்டாம்.

13/
ஒரு தம்பி. அடையாளம் எதுவும் சொல்லப்போவதில்லை. பேன்சி ரகம் செய்யும் அறையில் வேலை பார்த்து வலது கை வெந்தவர். தோல் ஒட்டு வைத்து, நடுவிரலும் மோதிரவிரலும் மடங்கி நின்றுவிட்டது. சுட்டுவிரல் பாதி.

விடாப்பிடியாக கோரல் டிரா கற்றுக்கொண்டு ஒரு அச்சகத்தில் சேர்ந்தார். சாதா மவுஸில், மடங்கின முட்டியால் கிளிக் பண்ணி, லேபிள் எல்லாம் பிரமாதமாகச் செய்துகொண்டிருந்தார். ஒருநாள் ஆபீஸை "மாடர்ன்" ஆக்கினார்கள். எல்லா மேஜைக்கும் டச் மவுஸ் வந்தது.

ஓபியில் வந்து அவர் சொன்னது: "சார், மவுசு எம்பேச்சக் கேக்க மாட்டேங்குது. நான் ஒண்ணு நினைச்சா அது ஒண்ணு பண்ணுது. அண்ணாச்சி என் கை சரியில்லன்னு நினைக்கிறாரு. ஒரு ஆபரேசன் பண்ணி விரல நிமித்தி விட்டுருங்க சார்."

கவனியுங்கள். ஒரு மவுஸுக்காக ஒரு மனுசன் ஆபரேஷன் கேட்டு வருகிறார்.

மாற்ற வேண்டியது கையையா, மவுஸையா?

14/
அந்த முதலாளியைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கை போனவருக்கு வேலை கொடுத்தவர் அவர்தான். அவருக்கு யாரும் சொல்லவில்லை. முன்னூறு ரூபாய்ச் சமாச்சாரம் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே வாங்கிக் கொடுத்திருப்பார். தெரிந்ததும் வாங்கியும் கொடுத்தார்.

என் சண்டை அவரோடு இல்லை. "புதுசு என்றால் எல்லாருக்கும் நல்லது" என்ற நினைப்போடுதான்.

15/
இப்போ வழக்கமான எதிர்க்கேள்விகள்.

"அறையில பாதுகாப்பு இல்லாம ஆளு சாகுறான், நீங்க மவுஸைப் பிடிச்சுத் தொங்குறீங்களே?"

அறையில் அளவுக்கு மேல் ஆள், அளவுக்கு மேல் மருந்து, உள்குத்தகை, இதையெல்லாம் நிறுத்த வேண்டும். அதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால் நாளைக்கே எல்லா விபத்தும் நின்றாலும், ஏற்கனவே வெந்த கைகள் இருக்கின்றன. அவர்களுக்கு இன்னும் முப்பது நாற்பது வருசம் பிழைப்பு நடக்க வேண்டும். தீயை அணைப்பதும் வெந்தவரைத் தூக்கிவிடுவதும் வேறு வேறு வேலை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றைத் தள்ள முடியாது.

16/
"பழகினா வந்துடும் டாக்டர்."

பழகினால் தசை பழகும், மூளை பழகும். தழும்பு பழகாது. இறுகின மூட்டு பழகாது. சுரப்பி இல்லாத தோலில் வியர்வை பழக்கத்தால் ஊறாது. இது சோம்பேறித்தனம் அல்ல, உடற்கூறு.

17/
"ஆஸ்பத்திரிக்கு டச் மவுஸ்தான் நல்லது. இடுக்கு இல்ல, துடைச்சா சுத்தம்."

பாதி நியாயம். சாதா மவுஸின் சக்கர இடுக்கில் அழுக்கு சேர்வது உண்மை. வழவழப்பைத் துடைப்பது சுலபம்தான். ஆனால் துடைத்த ஈரம் காயும்முன் தொட்டால் டச் தாறுமாறாக ஓடும். தடித்த கையுறையோடு தொட்டால் ஓடவே ஓடாது. சாதா மவுஸையும் துடைக்கலாம், பட்டன் உள்ள மூடின மவுஸும் கிடைக்கிறது. சுத்தம் என்பது துடைக்கிற பழக்கத்தில் இருக்கிறது.

18/
"சிலருக்கு டச்தான் வசதி."

நூற்றுக்கு நூறு சரி. சக்கரத்தை உருட்டினால் விரல் வலிப்பவருக்குத் தடவுவது இதமாக இருக்கும். அழுத்தவே முடியாதவருக்கு, தொட்டாலே கிளிக் ஆகும் டச்பேட் பெரிய வரம். நான் டச்சை ஒழி என்று சொல்லவில்லை. "எல்லாருக்கும் ஒண்ணு" என்பதை ஒழி என்கிறேன். ஒரே அளவு செருப்பை ஊருக்கே வாங்கி மாட்டுவோமா?

19/
சட்டம் என்ன சொல்கிறது?

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் விரலுக்கு விலை போட்டிருந்தார்கள். கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு. சுட்டுவிரல் முழுசாகப் போனால் 14. நடுவிரல் 12. மோதிரவிரலோ சுண்டுவிரலோ என்றால் 7.

அது ஆலைக்கூடத்துக் கணக்கு. சுட்டுவிரல் போனவருக்கு சாதா மவுஸ் கொடுத்தால் கம்ப்யூட்டர் வேலையில் இழப்பு அநேகமாக ஒன்றும் இல்லை. டச் மவுஸ் கொடுத்தால் அதே 14 சதவீதக்காரர் வேலையையே முழுசாக இழக்கலாம். கை அதே கைதான். சதவீதத்தைக் கூட்டினது மேஜை மேல் இருக்கும் பொருள்.

20/
அடுத்தது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். இட ஒதுக்கீடு போன்றவற்றுக்கு 40 சதவீத ஊனம் இருக்க வேண்டும். இரண்டு விரல் போனவர், கை இறுகினவர் பலர் அந்தக் கோட்டுக்குக் கீழேயே நின்றுவிடுகிறார்கள். அரசு வேலை ஒதுக்கீடும் இல்லை, பழைய வேலைக்கும் போக முடியாது.

ஆனால் அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. ஒருவரின் உடல்நிலைக்கு ஏற்ப, பெரிய சுமை இல்லாமல் செய்யக்கூடிய மாற்றத்தைச் செய்துகொடுக்க வேண்டும் என்கிறது. அரசு நிறுவனங்களுக்கு அது கடமை. எல்லாரும் உபயோகிக்கும்படியான பொருள்களை அரசு ஊக்குவிக்க வேண்டும் என்றும் இருக்கிறது.

முன்னூறு ரூபாய் மவுஸை விடச் சின்னச் சுமை ஒன்று இருக்கிறதா, சொல்லுங்கள்?

21/
இந்தப் பாடத்தை நாம் ஏற்கனவே ஒரு இடத்தில் படித்திருக்கிறோம். ரேஷன் கடையில் கைரேகை வைக்கும் மெஷின். தேய்ந்த விரல், வெந்த விரல், வயசான விரல், எதுவும் விழாது. "இன்னொரு தடவ வைங்கம்மா" என்று சொல்லிச் சொல்லி வரிசை நீளும். கடைசியில் கருவிழி என்று ஒரு மாற்று வழி வந்தது.

கைரேகையை யாரும் ஒழிக்கவில்லை. பக்கத்தில் இரண்டாவது வாசல் ஒன்று திறந்தார்கள். மவுஸிலும் நான் கேட்பது அந்த இரண்டாவது வாசல்தான்.

22/
சரி, என்ன செய்யலாம்? திட்டிவிட்டுப் போவது என் வேலை இல்லை. மருந்தும் சொல்ல வேண்டும்.

முதலாளிகளுக்கு, மையம் நடத்துபவர்களுக்கு: ஆளுக்குக் கொடுப்பதற்கு முன் ஆளைக் கேளுங்கள். இழுப்பறையில் ஒயர் உள்ள, பட்டனும் சக்கரமும் உள்ள மவுஸ் இரண்டு எப்போதும் கிடக்கட்டும். உள்ளங்கை நிறையும் அளவில், கொஞ்சம் உயரமாக இருந்தால் நல்லது. கையை நகர்த்தவே முடியாதவருக்கு, பெரிய உருண்டையை உருட்டும் டிராக்பால் இருக்கிறது. மவுஸ் நகராது, உருண்டை மட்டும் உருளும். முட்டியாலும் உருட்டலாம்.

23/
கை அடிபட்டவர்களுக்கு: நல்ல கைக்கு மவுஸை மாற்றத் தயங்காதீர்கள். செட்டிங்கில் இடது வலது பட்டனை மாற்றிக்கொள்ளலாம். சில வாரம் எரிச்சலாக இருக்கும், பிறகு கை பழகிவிடும்.

மவுஸே பிடிக்க முடியாவிட்டால், விண்டோஸில் மவுஸ் கீஸ் என்று ஒரு வசதி இருக்கிறது. இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம் லாக், மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும். மூன்றையும் சேர்த்து அழுத்த முடியாவிட்டால் செட்டிங்கில் அணுகல் வசதிப் பகுதியில் போய் ஒரே தடவை இயக்கிவிடச் சொல்லுங்கள். பிறகு கீபோர்டின் வலப்பக்க எண்கள்தான் மவுஸ். 8 மேலே, 2 கீழே, 4 இடம், 6 வலம், 5 கிளிக், கூட்டல் குறி இரட்டைக் கிளிக். கழித்தல் குறியை அழுத்திவிட்டு 5 அழுத்தினால் வலது கிளிக். மெதுவாகத்தான் போகும். ஆனால் போகும்.

பத்துப் பைசா செலவில்லை. எண்கள் தனியாக உள்ள கீபோர்டு மட்டும் இருந்தால் போதும்.

24/
என் சக மருத்துவர்களுக்கும் பிசியோ நண்பர்களுக்கும்: டிஸ்சார்ஜ் சீட்டில் "புண் ஆறியது" என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். அந்தக் கை எதைச் செய்யும் என்று நாலு வரி எழுதுங்கள். அழுத்துமா, கிள்ளுமா, ஒரு விரலைத் தனியாகத் தூக்குமா, தொட்டால் தெரியுமா. "பட்டன் உள்ள ஒயர் மவுஸ் தேவை" என்று லெட்டர்பேடில் எழுதிக் கொடுங்கள். மருந்துச் சீட்டுக்கு உள்ள மரியாதை அதற்கும் கிடைக்கும். பந்தைப் பிசையச் சொல்லும் பயிற்சியோடு, மவுஸை அழுத்தும் பயிற்சியையும் சேருங்கள். அவர் பிழைக்கப்போவது அதை வைத்துத்தான்.

2022 ஜனவரியிலிருந்து விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்கு ஓடிய காலத்தை விட நாம் இப்போது பக்கத்தில் இருக்கிறோம். உயிரைக் காப்பாற்றுவதோடு நிறுத்தாமல் பிழைப்பையும் காப்பாற்றும் இடமாக அது வளரட்டும். தீக்காயப் பிரிவின் பிசியோ மேஜையில் ஒரு பழைய கம்ப்யூட்டரும் நாலு வகை மவுஸும் வைப்பது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை.

25/
மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரே வேண்டுகோள். திறன் பயிற்சி மையத்துக்கும் இ-சேவை மையத்துக்கும் கம்ப்யூட்டர் வாங்கும் டெண்டரில் ஒரு வரி சேருங்கள்: "டச் மவுஸ் வாங்கினால், அதோடு பட்டன் மவுஸும் இருக்க வேண்டும்." ஒரு வரி. அவ்வளவுதான்.

26/
கடைசியாக.

நாடு முழுக்கத் தீபாவளி அன்று பிள்ளைகள் கையில் மத்தாப்பு சிரிக்கிறது. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு கை இருக்கிறது. அந்தக் கை வெந்தால், ஒரு நாற்காலியும் ஒரு மேஜையும் ஒரு பட்டனும் கொடுக்கக்கூட நமக்கு மனசு வராதா?

கைக்குத் தகுந்த மவுஸைத் தேடுங்கள். மவுஸுக்குத் தகுந்த கையைத் தேடாதீர்கள்.

உங்கள் ஆபீஸில், அச்சகத்தில், மையத்தில் கை அடிபட்ட ஒருத்தராவது இருப்பார். நாளைக்குப் போனதும் அவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்த மவுஸ் உங்களுக்குச் சரியா இருக்கா?"

அவர் தானாகச் சொல்ல மாட்டார். வேலை போய்விடுமோ என்ற பயம். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

பகிருங்கள்.